அட்ரஸ் உள்ள ஆட்கள்

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத சொற்கள் அதிகமில்லை. இருக்கும் கொஞ்சத்தில் முதலாவது அட்ரஸ். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற ஒரு டீச்சர் இப்படி எழுதலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அகராதியைப் புரட்டினால் அது ஒன்றும் கெட்ட சொல் இல்லை. லத்தீனில் வேர்விட்டு, பிரெஞ்சுக்காரர் வாயில் புரண்டு, ஆங்கிலத்துக்கு வந்தது. நேராக்குவது, ஒன்றை நோக்கி நேரே திருப்புவது என்பதுதான் பழைய பொருள். கடிதத்தை ஒருவருடைய வாசலை நோக்கித் திருப்பினால் அட்ரஸ். மேடையேறிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் அதுவும் அட்ரஸ். ஒருவரை ஐயா என்பதா, அடே என்பதா என்று தீர்மானிப்பதற்கும் அதே சொல். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரச்சினைகளைப் பற்றி வழுவழுப்பான தாளில் அறிக்கை போடுகிறவர்கள் எல்லாப் பிரச்சினையையும் ‘அட்ரஸ்’ பண்ணிவிட்டுத்தான் கொழும்புக்கு வண்டி ஏறுகிறார்கள். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் பந்தை அடிக்குமுன் காலை அகட்டி வைத்து, மட்டையைப் பந்துக்குப் பின்னால் ஊன்றிக் குறிபார்ப்பார்களே, ஆங்கிலத்தில் அதற்கும் பெயர் அட்ரஸ்தான். அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புல்லில் கிடக்கும் ஒரு பந்துக்கு இருப்பது டயகம பக்கத்து மலையில் நாலு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிற என் குடும்பத்துக்கு இல்லை.

எங்களுக்கு இருந்தது இவ்வளவுதான்: பெயர், மேற்பிரிவு, தோட்டத்தின் பெயர், டவுன். மேற்பிரிவில் லயம் என்கிற நீள வரிசை வீடுகள் ஆறு, எழுபதுக்கும் மேல் குடும்பம், எல்லாருக்கும் அந்த ஒரே அட்ரஸ். தபால் கந்தோரிலிருந்து தோட்டத்துக் கடிதமெல்லாம் ஒரே பையில் தோட்ட ஆபீசுக்குப் போகும். பெரிய கிளாக்கர் பிரித்து வைப்பார். மறுநாள் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். யாருக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது, யாருடைய மகன் குவைத்திலிருந்து கடிதம் போட்டான் என்று களத்துக்கே தெரிந்துவிடும். அதுவும் கிளாக்கருக்கு மனசு வந்து பிரித்தால்தான். அவர் லீவில் போனால் பை மேசைக்குக் கீழே கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒரு பையில்தான் என் வாழ்க்கையில் ஒரு வருடம் போனது. கல்வியியல் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்த கடிதம் பதினாறு நாள் ஆபீசில் தூங்கிவிட்டு, தேர்வு முடிந்து நாலாம் நாள் என் கைக்கு வந்தது. அழுதுகொண்டு ஆபீசுக்கு ஓடினேன். “இவ்வளவு அவசரமான கடுதாசின்னா முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும்ல?” என்றார் கிளாக்கர். வராத கடிதம் அவசரமானது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று அதைக் கேட்காமலே திரும்பி வந்தேன்.

அடுத்த வருடம் அக்கரப்பத்தனை டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனிடம் கேட்டு, அவருடைய கடை அட்ரஸைப் போட்டேன். கடிதம் வந்த அன்றே அவர் போன் பண்ணினார். அந்தப் புண்ணியத்தில்தான் டீச்சரானேன். எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளைகள் பாதிப்பேர் இப்படி யாராவது ஒருவரின் கடையில்தான் காகிதத்தில் குடியிருக்கிறார்கள்.

போன வருடம் என் தங்கை தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தயாரானாள். நானா வழக்கம்போல், “நம்ம கடைய போட்டுக்கோங்க தங்கச்சி, என்னத்துக்கு வம்பு?” என்றார். நல்ல மனிதர். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. தமிழில் ஒருவரை மட்டந்தட்ட வேண்டுமானால் ‘அட்ரஸ் இல்லாதவன்’ என்கிறோம். படித்து, வேலை பார்த்து, வரி கட்டி, ஓட்டும் போட்டுவிட்டு நாங்கள் ஏன் இன்னும் அந்த வசவுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும்?

தபால் கந்தோருக்குப் போனேன். போஸ்ட் மாஸ்டர் சிங்களவர், ஓய்வுபெறும் வயது. என் சிங்களம் கோபத்தில் இன்னும் நன்றாக வரும். ஏன் எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வீட்டுக்கு நம்பர் இல்லையே மகள். ஆள் எந்தக் கதவைத் தட்டுவான்? நம்பர் போட்டு, குடும்பத் தலைவர்கள் கையெழுத்து வைத்து, கிராம சேவகரின் ஒப்பத்தோடு கொண்டுவாருங்கள். மேலே எழுதிப் பார்க்கிறேன்” என்றார். பிறகு மெதுவாக, “இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை” என்றார். அதுதான் எனக்குச் சுரீரென்றது.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பிரா. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் முழு வீடு. முதலில் எங்கள் லயத்துக்கு மட்டும் செய்து பார்ப்பது என்று முடிவானது. நம்பர் போடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன். பெயின்ட் வாளியைத் திறக்குமுன்னே கிளாக்கர் ஆள் அனுப்பிவிட்டார்: சுவர் தோட்டத்துச் சுவர், அதில் ஒரு கோடு போடக்கூடாது. சரி, சுவரை அவரே வைத்துக்கொள்ளட்டும், கதவு நாங்கள் வாங்கிப் போட்டது. பழைய கூரைத் தகரத்தை வெட்டி, நம்பர் எழுதி, கதவில் ஆணியடித்து மாட்டினோம்.

அதற்குள் எங்களுக்குள்ளேயே சண்டை. ஒன்றாம் நம்பர் எந்தப் பக்கம்? கோயில் பக்கத்துக் குடும்பம் அம்மன் இருக்கிற பக்கம்தான் முதல் என்றது. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற கோடியில் இருந்தவர்கள் தண்ணீர்தான் முதல் என்றார்கள். அம்மன் ஜெயித்தாள். அடுத்தது எட்டு. எட்டாவது காம்பிராக்காரர்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனியன் பிடித்த எண்ணை வாசலில் மாட்டினால் யார் பெண் கேட்டு வருவார்கள்? ஆகவே ஏழுக்கு அடுத்து ஒன்பது போட்டோம். பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் போஸ்ட் மாஸ்டர் விரலால் எண்ணிவிட்டு, “பன்னிரண்டு குடும்பம், பதின்மூன்று வரை நம்பர். எட்டு எங்கே?” என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவர் வீட்டிலும் சாதகம் பார்க்கிறவர்கள் இருந்திருக்க வேண்டும். “இருந்தாலும் மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்றார்.

திரும்பி வந்து சொன்னபோது எட்டை எடுக்க லயத்தில் யாரும் முன்வரவில்லை. என் அம்மாதான் எழுந்தாள்.

“அந்த எட்ட எனக்குக் குடுங்க. எட்டு வந்துதான் இனிமே நமக்குக் கெடப்போவுதா?”

இப்படியாக எங்கள் லயத்தில் ஏழுக்குப் பக்கத்தில் ஒன்பது, ஒன்பதுக்குப் பக்கத்தில் எட்டு, அதன் பிறகு பத்து. உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு வரிசை இருக்காது. போஸ்ட் மாஸ்டர் அதைப் பட்டியலில் அப்படியே எழுதிக்கொண்டார். கிராம சேவகர் ஒப்பம் வைத்தார். இரண்டு மாதம் கழித்து, வாரத்தில் மூன்று நாள் தபால்காரர் மேலே வருவார் என்று பதில் வந்தது.

தங்கையின் விண்ணப்பப் படிவம் வந்தது அதற்கு அடுத்த வாரம். இவ்வளவு ஆட்டம் போட்ட நான், சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது பயந்துபோனேன். புதுத் தபால்காரர் வராமல் விட்டால்? பழைய பழக்கத்தில் கடிதத்தை ஆபீஸ் பையில் போட்டுவிட்டால்? பயிற்சிக்கு வயதெல்லை இருக்கிறது. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

“இந்தத் தடவ மட்டும் நானா கடையைப் போட்டுரு” என்றேன்.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். “அப்ப கதவுல தொங்குறது என்னக்கா? திருவிழாத் தோரணமா?”

“வெளையாடாத. எனக்கு நடந்தது தெரியுமில்ல?”

“தெரியும். உனக்கு நடந்ததுனாலதான் லயத்தையே கெளப்பிவிட்ட. இப்ப நீயே நம்பலன்னா மத்தவங்க எப்படி நம்புவாங்க?”

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தங்கை படிவத்தை இழுத்து, கட்டம் கட்டமாக எழுதினாள். வீட்டு இலக்கம் என்ற கட்டத்தை எங்கள் குடும்பத்தில் முதல் முதலாக ஒரு கை நிரப்பியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த ஏழு வாரம் நான் மனுஷியாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் கேள்வி தபால்காரர் வந்தாரா என்பதுதான். ஒரு முறை மழையில் அவர் வரவில்லை. இன்னொரு முறை வந்து மூன்றாம் நம்பருக்கு மின்சார பில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். தங்கை என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவள் தைரியம் வெளியே தெரிந்த அளவுக்கு உள்ளே இல்லை என்று அப்போது புரிந்தது. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் நான் ஆபீஸ் ஜன்னல் வழியே மேசைக்கடியில் எட்டிக்கூடப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம், எனக்கு விடுமுறை. தபால்காரர் மோட்டார் சைக்கிளைக் கீழ் ரோட்டில் நிறுத்திவிட்டுப் படியேறி வந்தார். ஏழைத் தாண்டி, ஒன்பதைப் பார்த்து ஒரு நொடி குழம்பி, எங்கள் கதவில் வந்து நின்றார். தங்கையின் முழுப் பெயரையும் சிங்கள உச்சரிப்பில் சத்தமாக வாசித்தார். அவள் கையெழுத்து வைத்து வாங்கினாள். நேர்முகத் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. நான் பீலிப் பக்கம் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் பெரட்டுக் களத்தைத் தாண்டினேன். அதிசயமாக கிளாக்கரே அங்கே வந்து நின்றார். கூடையோடு நின்ற அம்மாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

“ஏம்மா, கவர்மெண்ட்டு கடுதாசி வந்திருக்காமே. ஆபீசுக்கு வராம நேரா எப்படி வரும்? நாளைக்கு ஏதாவதுன்னா தோட்டத்துத் தொர என்னையத்தான் கேப்பாரு. கொண்டுவந்து காட்டிட்டுப் போங்க.”

நான் நடுவில் புகுந்து பேசுவதற்குள் அம்மா கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள். அவள் குரல் உயரவே இல்லை.

“அது எங்க வீட்டுக்கு வந்த கடுதாசிங்கய்யா. பாக்கணும்னா நீங்க வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். வீடு எங்கன்னு தெரியலைன்னா தபால்காரரக் கேளுங்க, சொல்லுவாரு.”