ஸ்டவ்தான் வெடித்தது என்று சொன்ன தமிழரசி

குடவாசலில் பேருந்துக்கு நின்றிருந்த தமிழரசி அப்படியே சரிந்து இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னார்கள். முதல்நாள் மாலைதான் என்னோடு சிரித்துப் பேசியிருந்தார். "எந்தத் தமிழரசி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே தமிழரசிதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் தங்கை மலர்க்கொடியையும் தெரிந்திருக்கும். பம்பு ஸ்டவ் வெடித்து இறந்தவள். ஊர் அதை நம்பவில்லை. தானே கொளுத்திக்கொண்டாள் என்றது பாதி ஊர். புருஷன்தான் கொளுத்தினான் என்றது மீதி. இரண்டு கட்சிக்காரர்களும் துக்கத்துக்கு வந்தார்கள். ஸ்டவ்வைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதங்களில் அதே கம்பெனி ஸ்டவ் எங்கள் வீட்டிலும் வெடித்து, என் வலது கை வெந்தது. கேள்விப்பட்டுத் தமிழரசி எங்கள் வாசலில் வந்து நின்றபோது வீடே திகைத்தது. குத்தகை நிலத்துக்காக அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் கோர்ட்டில் மோதிக்கொண்டிருந்த காலம் அது.

"எங்க மேலயே கேஸ் நடத்திக்கிட்டு இங்க வந்து நிக்கிறியா?" என்றார் என் மாமனார்.

"அது பாட்டுக்கு நடக்கட்டுங்க. இது வேற கேசு" என்றவர் என்னிடம் திரும்பினார். "அக்கா, செத்தவ வந்து சொல்ல முடியாது. நீங்க சொல்லலாம்."

கம்பெனிமேல் வழக்குப் போட நானும் அவரோடு சேர்ந்தேன். கூத்தாநல்லூர், ஒரத்தநாடு என்று அதே ஸ்டவ்வால் சூடுபட்ட பெண்களைத் தேடிப்போய்ச் சேர்த்தார். எல்லோருமாக நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரே மனுவாகப் போட்டோம். எங்கள் கவனக்குறைவுதான் என்று எழுதிக்கொடுத்தால் நஷ்டஈடு தருவதாகக் கம்பெனி ஆள் சமாதானம் பேச வந்தார். "அத எழுதுனா என் தங்கச்சிய நானே கொளுத்துன மாதிரி" என்று எழுந்துவிட்டார் தமிழரசி.

விசாரணையில் கம்பெனி வக்கீல், "உங்க தங்கைக்கும் கணவருக்கும் சண்டை உண்டா?" என்று கேட்டார்.

"உண்டுங்க. எந்த வீட்ல இல்ல?"

கேஸே போச்சு என்று எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்து என் முறை. "நடுங்கிக்கிட்டே சொல்லுங்கக்கா, பரவால்ல" என்றார் தமிழரசி. முந்தானையை விலக்கி, தோல் சுருங்கிய கையைக் காட்டினேன். "அன்னிக்கு எங்க வீட்ல யாருக்கும் சண்டையில்லைங்க. பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

பம்பின் வால்வில்தான் பழுது என்று தீர்ப்பு வந்தது. தமிழரசி நேரே தங்கை கணவர் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். ஊருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டே வாழ்ந்தவர் அந்த மனிதர்.

"மாப்பிள்ள, ஸ்டவ்தான் வெடிச்சுது. கோர்ட்டே சொல்லிருச்சு. வெளிய வாங்க."

அவர் வந்தார். தமிழரசி குரலைத் தாழ்த்தாமல், தெருவே கேட்கச் சொன்னார்: "நானும் ஒங்கள சந்தேகப்பட்டவதான்."

எனக்கே அது அன்றுதான் தெரியும். அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

கோர்ட்டில் விலக்கிய முந்தானையை அதன்பிறகு நான் இந்தக் கையின்மேல் இழுத்து மூடியதில்லை. புதன்கிழமை அவருக்கு மாலை போட்டதும் இதே கைதான். மறைக்காமல் வைத்திருக்கும் இந்தக் கை, தமிழரசி எனக்கு விட்டுப்போனது.