டிக் போட்டால் வண்டி கிளம்புமா?

போன வியாழக்கிழமை காலை ஆறே கால். ஓசூரில் எதிர் வீடே தெரியாத அளவுக்குப் பனி. மகள் மதுவுக்கு ஒன்பது மணிக்குக் கிருஷ்ணகிரி காலேஜில் பிராக்டிகல் பரீட்சை. காரில் ஏறிச் சாவியைத் திருகினேன்.

டக்... டக். அவ்வளவுதான்.

"அம்மா, லேட்டானா லேபுக்குள்ளயே விடமாட்டாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான்" என்றாள் மது. குரல் உடைந்துவிட்டது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். டிசம்பர் பிறந்தால் பானெட்டைத் திறக்கிற ஆள் நான். பேட்டரி, கூலன்ட், வைப்பர், டயர் காற்று, ஃபாக் லைட்... ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் டிக் போடுவேன். எங்கள் லேஅவுட்டே சிரிக்கும். "ஏன் மேடம், ஓசூர்ல ஐஸா கொட்டுது?" என்பார் பக்கத்து வீட்டு மஞ்சுநாத். கொட்டவில்லைதான். ஆனால் நமக்கே பல் கிடுகிடுக்கும்போது, பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டிக்குக் குளிராதா? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இந்தத் தடவை தங்கை பிரசவத்துக்காகச் சேலம் போக வேண்டியதாயிற்று. தாளைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவர் யார்? தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் இன்சார்ஜ்! மெஷினைப் பார்க்காமலே டிக் போடும் ஆபரேட்டர்களை நிற்க வைத்துத் திட்டுகிறவர். நான் திரும்பி வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ரெடியாக இருந்தது. பதினோரு டிக் — ஒரே பேனா, ஒரே சாய்வு. நானும் நம்பித் தொலைத்தேன்.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. வயரை முனையோடு பிடிக்கும் கிளாம்ப், விரல் பட்டாலே ஆடியது.

"ஏங்க, இத நீங்க பாத்தீங்களா?"

"போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு..."

"அப்ப டிக்கு?"

இவர் செல்போனை எடுத்தார்.

மஞ்சுநாத் போர்வையோடு வந்தார். "தள்ளிப் பாக்கலாமா மேடம்?"

"சர்வீஸ் சென்டருக்கு போன் போடறேன். பத்து மணிக்கு ஆள் வந்துருவாங்க" என்றார் இவர்.

பத்து மணிக்கா! வந்ததே எனக்குக் கோபம்... "ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். கிளாம்பைக் கழற்றினேன். மது கொண்டுவந்த வெந்நீரை முனையில் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். துணியால் துடைத்து, மறுபடி மாட்டி, ஸ்பேனரால் முடுக்கினேன். விரல்கள் விறைத்துவிட்டன. நிறுத்தவில்லை.

சாவியைத் திருகினேன். வண்டி ஒருமுறை இருமியது... பிடித்துக்கொண்டது! மது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உடனே இவர் கையை நீட்டினார். "சாவியக் குடு. ஹைவேல பனி ஜாஸ்தி. நான் ஓட்டறேன்."

"நீங்க பின்னாடி உக்காருங்க."

உட்கார்ந்தார். சூளகிரி தாண்டும்வரை முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நான் விரட்டவும் இல்லை, பயப்படவும் இல்லை. எட்டு ஐம்பதுக்குக் காலேஜ் கேட். மது திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

ஒன்று கேட்கிறேன். கம்பெனியில் மெஷின் நின்றால் மேலே இருப்பவர் கேள்வி கேட்பார் என்று பயம். வீட்டு வண்டி நின்றால்? பெண்டாட்டிதானே, ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்... அப்படித்தானே? இல்லை சார். இங்கேயும் கேள்வி வரும். ஊரே சிரித்தாலும் அடுத்த டிசம்பரிலும் என் பானெட் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜில் புதுத் தாள் ஒட்டினேன். இவர் சத்தமில்லாமல் வந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஸ்பேனரைக் கொடுத்தேன்.