மாமனார் திவசமும் என் தையல் பரீட்சையும்

என் மாமியாருக்கு நெஞ்சு வலி வந்தால் மத்தியானம் ரசம் சாதம் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். இது எனக்குத் தெரிய வந்தது, முதல் தடவை தையல் பரீட்சை எழுதக் கடலூரிலிருந்து சிதம்பரம் கிளம்பிய அன்றுதான். கத்தரிக்கோலும் இன்ச் டேப்பும் வைத்த துணிப்பையோடு வாசலில் செருப்பை மாட்டினேன். உள்ளேயிருந்து, "ஐயோ, என்னமோ பண்ணுதே" என்று ஒரு குரல். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸும் போச்சு, பரீட்சையும் போச்சு. மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, ரசத்தில் மிளகு போதவில்லை என்றார். அன்றைக்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: அடுத்த வருஷம் வானமே இடிந்து விழுந்தாலும் நான் போய் எழுதுவேன்.

நான் சிதம்பரத்துப் பெண். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிநேகிதி, அரசாங்கத் தையல் பரீட்சை பாஸ் செய்து அங்கேயே பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராகி இருந்தாள். "நீயும் பாஸ் பண்ணுடி, கடலூர்லயும் எடம் காலி ஆகும்" என்று அவள்தான் ஆசை காட்டினாள். எனக்கு அது வெறும் ஆசையாக இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு இடமும் கிடைக்கவில்லை. உப்பு ஜாடியைக்கூட நான் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கோலம் போட்டால் கோணல். படுத்தால் சோம்பேறி, உட்கார்ந்தால் திமிர். "சிதம்பரத்துக்காரிக்கு வாய் ஜாஸ்தி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் வாயைத் திறந்தே மாதமாகியிருக்கும். ஒரு வேலை மட்டும் கிடைத்துவிட்டால் பகல் பொழுதாவது என்னுடையதாக இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என் கணவருக்கு மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ். முதுநகரிலிருந்து சைக்கிளில் காலையில் போனால் இருட்டும் நேரம்தான் திரும்புவார். நல்ல மனுஷன். அம்மா பேச ஆரம்பித்தால் மட்டும் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கிளம்பிவிடுவார்.

தையல் எங்கே கற்றேன் என்றால், என் மாமியாரின் ஆசாரத்தின் தயவால். மாதத்தில் அந்த மூன்று நாள் வந்தால் நான் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கொல்லையில் விறகு போடும் கொட்டகையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. அடுப்பு வேலை இல்லை, ஏச்சு இல்லை. என் பக்கம் வந்துவிட்டால் அவர் மறுபடி குளிக்க வேண்டும் என்பதால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கொட்டகைக்குப் பக்கத்தில் கொல்லைக் கதவு. கதவைத் திறந்தால் சந்து. சந்தைத் தாண்டினால் லாத்தா வீடு.

லாத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அக்கா. புருஷன் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். அவர் அனுப்பிய தையல் மிஷின் ஒன்று நடுக்கூடத்தில் பளபளவென்று நிற்கும். முதல் தடவை தயங்கித் தயங்கி, "நான் தூரமா இருக்கேன் லாத்தா, உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.

"எங்க மார்க்கத்துல இந்த நாள்ல தொழுகதான் இல்ல புள்ள. தையலுக்கு என்ன வந்துச்சு? வந்து ஒக்காரு" என்றார்.

இப்படியாக மாதம் மூன்று நாள் எனக்குப் பள்ளிக்கூடம். ஜாக்கெட் வெட்ட, கை இறக்கத்தில் சுருக்கம் விழாமல் தைக்க, பொத்தானுக்குக் காஜா எடுக்க எல்லாம் லாத்தா சொல்லிக்கொடுத்தார். கோணலாகப் போனால் தலையில் குட்டிப் பிரிக்கச் சொல்வார். எங்களுக்குக் காவல் மீன்காரம்மா. சோனாங்குப்பத்திலிருந்து கூடையோடு வந்து, வியாபாரம் முடிந்தாலும் போகாமல் எங்கள் கொல்லைக் கதவை ஒட்டிக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீடு சுத்த சைவம். மீன் வாடை அடித்தால் என் மாமியார் கொல்லைக்கு வர மாட்டார். "உம் மாமியாக்காரிக்கு எங் கூடக் கெளுத்தி மீனே போதும்மா" என்று சொல்லி வெற்றிலைக் காவி தெரியச் சிரிப்பார் மீன்காரம்மா.

இரண்டாவது வருஷம் பரீட்சை நாளைச் சிநேகிதி சொல்லி அனுப்பினாள். பஞ்சாங்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அதே நாள் மாமனார் திவசம். ஐயர் வருவார், படையல் போட வேண்டும், வடை, பாயசம், ஐந்தாறு காய். மருமகள் அன்றைக்கு ஊரில் இல்லை என்றால் ஏழு தெருவுக்குக் கேட்கும். சந்தில் போய் நின்று அழுதேன். ஆத்திர அழுகை.

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கா அழுவுற? தெவசத்துக்கு மொத நாளு தூரம்னு சொல்லிட்டுப் போய் கொட்டாயில ஒக்காரு. தீட்டுக்காரிய வூட்டு எல்லைலயே வெச்சிக்க மாட்டாங்க. அவுங்களே தாயார் வூட்டுக்குத் தொரத்துவாங்க."

உண்மைதான். மாமியார் வீட்டு வழக்கம் அது. திவசத்தன்று வீட்டில் தூரமான பெண் கொல்லையில்கூட இருக்கக் கூடாது. அவள் பேச்சு காதில் விழுந்தாலே, படையல் சாப்பிட வரும் பிதிர் இலையைத் தொடமாட்டார் என்பார்கள்.

"பொய் சொல்லவா சொல்றே?" என்று தன் வீட்டு வாசலில் நின்ற லாத்தா கேட்டார்.

"அந்தம்மாவுக்கு வந்த நெஞ்சு வலி மட்டும் மெய்யா?" என்றார் மீன்காரம்மா.

லாத்தா உள்ளே போய்த் தன்னுடைய நல்ல கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "ஒன் கத்தரி மொட்டை. இத எடுத்துட்டுப் போ. பொய்க்கு நான் துவா செய்ய மாட்டேன். பரீட்சைக்குச் செய்றேன்."

ஆனால் ஒரு சிக்கல். நான் முந்தின பௌர்ணமிக்குத்தான் கொட்டகையில் இருந்தேன். இப்போது அமாவாசைகூட வரவில்லை. என் மாமியார் அதையெல்லாம் மறக்கிற ஆளா? திவசத்துக்கு முதல் நாள் காலையில் உளுந்து களைந்துகொண்டிருந்தவரிடம் போய்த் தள்ளி நின்று, "அத்தை, நான் தூரமாயிட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கை உளுந்துத் தண்ணீரிலேயே இருந்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் தீர்ந்தேன் என்று தெரியும்.

"சிதம்பரத்துக்குப் போ. மூணு நாளு கழிச்சு வா" என்றார்.

திவசம் கொடுக்கிற பிள்ளை என்னைத் தொடக்கூடாதாகையால் என் கணவர் பத்தடி முன்னால் நடக்க, நான் என் பையை நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். ஏறும்போது பைக்குள் கத்தரிக்கோல் கிலுங்கியது. திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்று முணுமுணுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா எழுதுன்னு ஒரு வார்த்த வருதா உங்களுக்கு?" என்றேன். பஸ் நகர்ந்த பிறகு கையைத் தூக்கி ஆட்டினார். அதுவாவது ஆட்டினாரே.

ஐப்பசி மழை. ஆலப்பாக்கம் தாண்டும் வரை ஜன்னல் தார்ப்பாய்க்குள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. மறுநாள் சிநேகிதி என்னைப் பரீட்சை ஹாலில் கொண்டுபோய் விட்டாள். எனக்குக் கிடைத்த மிஷின் பழையது, மிதித்தால் நொண்டியது. பத்து நிமிஷம் அதோடு சண்டை போட்டேன். பிறகு லாத்தா சொன்னது போல எண்ணெய் கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விட்டேன், வழிக்கு வந்தது. ஜாக்கெட்டை முடித்துக் கடைசிக் காஜாவைக் கையால் எடுக்கும்போது மணியடித்தார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தேன். வெளியே வந்து சிநேகிதியைக் கட்டிக்கொண்டு அழுதேன். "பைத்தியம், மார்க் வரட்டும், அப்புறம் அழலாம்" என்றாள்.

மூன்று நாள் கழித்துச் சந்து வழியாக வீடு திரும்பினேன். கொல்லைக் கதவைத் திறந்தால் என் மாமியார் நிற்கிறார். வலது கையில் வாழையிலைத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். தனியாக வடை சுட்டபோது எண்ணெய் தெறித்திருக்கிறது. பார்த்ததும் எனக்குக் குற்றமாகத்தான் பட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நீ பொய் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றார்.

சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தெரிஞ்சுமா அனுப்புனீங்க அத்த?"

"ஒருவேள நெசமா இருந்துட்டா? அவரு வருஷத்துக்கு ஒரு நாளுதான் சாப்ட வராரு. உன்ன உள்ள வெச்சுக்கிட்டு, அவரு சாப்டாம எழுந்து போயிட்டா நான் என்னா பண்றது?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும், என் தையலும் முடிந்திருக்கும். பையைக் கீழே வைத்தேன்.

"போன வருஷம் உங்ககிட்ட நெசத்தச் சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். இந்த வருஷமும் சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா அத்த?"

அவர் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வுட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் மழுப்பாமல் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அவர் மேல் அன்று வந்தது கோபமா மரியாதையா என்று இன்னும் தெரியவில்லை.

"பாஸானா வேலைக்கும் போவேன் அத்த. அதுக்குப் பொய் சொல்ல மாட்டேன். உங்க எதுக்க நின்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

"மொதல்ல தலைக்கு ஊத்திக்கிட்டு வா" என்றார் அவர். "கையி எரியுது. ஒல வெக்க முடியல."

தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உலை வைத்தேன். பாஸாகி வேலையும் கிடைத்து, ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் எதிரில் போய் நின்றேன். "போயிட்டு வரேன் அத்த" என்றேன். அவர் போய்ட்டு வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் போனேன்.