நான் அனுப்பிய எச்சரிக்கை

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய தமிழ் பாப்டிஸ்ட் சபைக்கு நான் போதகர். பதினெட்டு வருடங்களாகிவிட்டன. இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து தாங்கள் செய்த தவறுகளைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். நான் செய்ததைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை என்பது போன வருடம்தான் உறைத்தது.

அது ஒரு சனிக்கிழமை பிற்பகல். மனைவி பெர்த்தில் இருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள், ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. நான் சபைக்குப் பின்னால் இருக்கும் அறையில் மறுநாள் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நகரத்தின் மதில்மேல் நின்று, ஆபத்தைக் கண்டதும் எக்காளம் ஊதுகிற காவலாளியைப் பற்றிய பிரசங்கம். அந்த நேரத்தில் எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியையிடமிருந்து ஒரு படம் வந்தது. அவர் பாயான் பாருவில் குடியிருந்து, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்.

படத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் நாலு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாசார் என்கிற சந்தையின் ஓரமாக நடந்துபோகிறான். பின்னாலிருந்து எடுத்த படம். முகம் தெரியவில்லை. கீழே, 'பிள்ளை பிடிக்கிற வெளிநாட்டுக்காரன், உடனே பகிரவும்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

ஆசிரியை குரல் பதிவும் அனுப்பியிருந்தார். "பாஸ்டர், இது எங்க வீட்டுப் பக்கத்து பாசார் லா. பிள்ளைங்கள வெளிய விடவே பயமா இருக்கு."

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். விசாரித்தேன் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். எக்காளம் ஊதும் நேரம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படத்தை அனுப்பி, அதற்குமேல் நானே மூன்று வரி எழுதினேன். 'பெற்றோர்களே, எச்சரிக்கையாயிருங்கள். இந்த மனிதனைக் கண்டால் விடாதீர்கள். நம் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள்.'

விடாதீர்கள் என்று எழுதியபோது போலீசுக்குச் சொல்லுங்கள் என்பதைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் எழுதியது அது அல்ல.

மறுநாள் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது பலர் வழக்கத்தைவிட அழுத்தமாகக் கைகுலுக்கினார்கள். "நீங்க சொன்னதுனாலதான் பாஸ்டர், என் தங்கச்சிக்கும் அனுப்பினேன்," என்றார் ஒரு தாய். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். மனைவி போனதிலிருந்து திங்கட்கிழமை மதியம் சோறும் மீன் கறியும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடையில் சாப்பிடுவேன். அவள் இருந்த காலத்திலும் ஐந்து வருடமாக அடிக்கடி போன கடைதான். கடைக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். என்னை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். 'சார்' என்றுதான் கூப்பிடுவார். நானும் திருத்தியதில்லை. யாருக்கும் போதகராக இல்லாமல் ஒருவேளை சாப்பிடுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

வழக்கமாகச் சோறு போடுபவர் அன்று இல்லை. நாற்பது வயது மனிதர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான் கேட்காமலே மீன் தலைப்பக்கத் துண்டாகப் பார்த்து வைப்பார். கடைக்காரரே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவர் எங்கே?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில இருக்கான் சார். நேத்து சாயங்காலம் பாயான் பாருல போட்டு அடிச்சிட்டாங்க. கை ரெண்டு எடத்துல உடைஞ்சிருக்கு. ஒரு காது சரியா கேக்கல."

"ஏன்?"

"புள்ள புடிக்கிறவனாம்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கிழம அவனுக்கு லீவு. ஊர்க்காரன் ஒருத்தனப் பாக்கப் போயிருக்கான். பாசார்ல ஒரு புள்ள அம்மாவத் தொலைச்சிட்டு அழுதுக்கிட்டு நின்னுருக்கு. கையப் புடிச்சு கடை கடையா கூட்டிட்டுப் போயி, காய்கறிக் கடையில அவங்க அம்மாகிட்ட ஒப்படைச்சிட்டான். நடுவுல எவனோ படம் புடிச்சிட்டான். நேத்து வேலை முடிஞ்சு மறுபடி அதே சட்டையோட போயிருக்கான் சார். பத்துப் பேரு சுத்திக்கிட்டாங்க. அந்தப் புள்ளையோட அம்மா ஓடி வந்து கத்துனதுக்கு அப்பறம்தான் விட்டாங்க."

சொல்லிக்கொண்டே தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். அந்தப் படம். அதற்கு மேலே என் மூன்று வரிகள், ஓர் எழுத்துகூட மாறாமல்.

"யாரோ பாதிரியாரு அனுப்பிச்சதாம். பாதிரியாரே சொல்றாருன்னா எவன் நம்பாம இருப்பான்? நீங்களே சொல்லுங்க சார்."

தட்டை வாங்கிக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இன்றுவரை எனக்கு விளங்காதது அதுதான். முழுவதும் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, தலையசைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாட்கள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் உண்டு. நாங்கள் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் நேரடியாகக் கடவுளிடம் போகலாம், நடுவில் மனிதன் வேண்டாம் என்று நானே ஞானஸ்நான வகுப்புகளில் கற்பித்திருக்கிறேன். முழங்காலில் நின்று கடவுளிடம் சொன்னேன். எழுந்தபோது அறை அப்படியே இருந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் ஒரு மனிதன் உட்கார்ந்து என்னைத் திட்டினால்கூட நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மனைவியிடம் சொன்னேன். வீடியோ அழைப்பில் பாதி நேரம் எனக்குத் தெரிவது பெர்த் வீட்டின் கூரைதான். குழந்தை கைபேசியைத் தட்டிவிடும். அன்றும் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் முழுவதையும் சொன்னேன்.

"நீங்க எதையும் முதல் ஆளா சொல்லணும்னு நினைப்பீங்க," என்றாள். பிறகு, "அவரை எப்பப் பாக்கப் போறீங்க?"

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனேன். வலது கை முழுக்கக் கட்டு. முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார்.

"சார், நீங்க வந்தீங்களா? முதலாளி சொன்னாரா?"

கேட்கும் காதுப் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். "நான் சார் இல்லை. பாஸ்டர். அந்தப் படத்துக்கு மேல எழுதி அனுப்பினது நான்தான்."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன்.

"கேட்டுச்சுங்க," என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சு வருஷமா ஒங்களுக்குச் சோறு போட்டுருக்கேன். என்னைத் தெரியலையா?"

"படத்துல முதுகுதான் தெரிஞ்சுது."

"முதுகுன்னா அடிக்கச் சொல்லலாமா?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். கிளம்பலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"எங்க ஊருக்கும் அந்தப் படம் என் பேரோட போயிருச்சு. எம்பொண்ணு மூணாவது படிக்குது. அதுகிட்ட பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களாம், ஒங்கப்பா புள்ள புடிக்கிறவரான்னு. நீங்க எந்த ஃபோன்லேருந்து அனுப்புனீங்களோ, அதே ஃபோன்லேருந்து இல்லைன்னு சொல்லுங்க. ஒங்க பேரைப் போட்டுச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அன்று மாலை சபையின் நிர்வாகத்தைக் கவனிக்கும் மூத்த டீக்கனைப் பார்க்கப் போனேன். எனக்கு அண்ணன் மாதிரி இருப்பவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அண்ணன் சொல்றேன்னு கேளுங்க பாஸ்டர். அந்த மெசேஜ அழிச்சிருங்க. ஆயிரம் பேரு அனுப்புனாங்க, அதுல நீங்க ஒருத்தர். பேரைச் சொன்னா போலீஸ், கோர்ட்டுன்னு போகும். சபை பேரு கெட்டுப்போயிரும் லா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்மேலும் சபைமேலும் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். எழுதிக்கொண்ட இளம் அதிகாரி இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொன்னார். இதுவரை கூப்பிடவில்லை. பிறகு என் பெயரையும் சபையின் பெயரையும் சொல்லி, நடந்ததை எல்லாம் குரலில் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். நீல நிற அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் கேட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை பதில் போடவில்லை. ஊரெல்லாம் சுற்றிவந்த எச்சரிக்கைக்கு இருந்த கால்கள் இதற்கு இல்லை. வேறெந்தக் குழுவிலும் அந்தப் பதிவைக் கண்டதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. ராமநாதபுரத்துக்கு மட்டும் கடைக்காரர் மூலமாக நானே அனுப்பினேன். அன்றுதான் நான் யார் என்பது அவருக்குத் தெரிந்தது. குரல் பதிவைக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு இங்க ஒக்காந்து சாப்டீங்களே," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் நான் பரிமாறவில்லை. டீக்கனிடம் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து கீழே இறங்கி, சபை முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். யாரிடமிருந்து படம் வந்தது என்பதைச் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்ற அது போதும் என்று நினைத்தேன்.

எங்களுக்கு ஆயரோ மேலிடமோ கிடையாது. அங்கத்தினர் கூடிக் கை தூக்கி முடிவு செய்வார்கள். மூன்று மாதம் பிரசங்க மேடையிலிருந்து விலகியிருக்கிறேன் என்று நானே கேட்டேன். அன்றைய கூட்டம் என்னைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. ஒருவர் எழுந்து, இந்த ஒருவன் நல்லவனாயிருக்கலாம், மற்ற வெளிநாட்டுக்காரர்களை எப்படி நம்புவது என்றார். ஓர் இளம் பெண், நம்முடைய தாத்தா பாட்டியும் கப்பலில் வந்தவர்கள்தானே என்றாள். அவளை உட்காரச் சொன்னார்கள். நான் பேச வாயெடுத்தபோது என்னையும் உட்காரச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கை தூக்கினார்கள். இரண்டு குடும்பங்கள் அதன்பின் வரவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியையும் வரவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு பாயான் பாருவில் அவர் வீட்டுக்குப் போனேன். இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினார். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க என் பேரச் சொல்லல பாஸ்டர். ஆனா பாயான் பாருன்னு சொன்னீங்க. அங்கேருந்து வர்றது நாங்க ஒரு வீடுதான். எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாத்தாங்க."

"நான் அதை நினைக்கல, தங்கச்சி."

"ஒரு வார்த்தை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நானும் கூட வந்து நின்னுருப்பேன். அந்த அண்ணனை ஆஸ்பத்திரில போய்ப் பாத்துருப்பேன். நீங்க மட்டும் நல்லவராயிட்டீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகம் வலித்தது. உண்மையைச் சொல்கிற அவசரத்திலும் நான் விசாரிக்காமலேதான் செய்திருந்தேன். மன்னிப்பு கேட்டேன். தலையசைத்தார். கதவு திறக்கவில்லை.

அந்த மூன்று மாதமும் என் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். யாரோ வெளியூர் ஊழியர் வந்து பேசுவார். முன்பெல்லாம் ஞாயிறு மதியம் என் கைபேசி ஓயாது. பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன், ஜெபம் பண்ணுங்க பாஸ்டர் என்று. இப்போது ரொட்டியும் டின் மத்தி மீனும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்த பிறகும் பொழுது நிறைய மிச்சமிருந்தது. எனக்குக் கிடைத்த அந்த மௌனம் என்மேல் உள்ள கோபமா, அல்லது என்ன பேசுவது என்று தெரியாத கூச்சமா என்று பல நாள் யோசித்தேன். இரண்டும் இருந்திருக்கும். பதினெட்டு வருடம் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிச் சொல்லி, எனக்கு ஆறுதல் சொல்லும் பழக்கத்தை நான் அவர்களுக்கு ஏற்படுத்தவே இல்லை.

அடிபட்டவரின் கை எலும்பு கூடியது. ஆனால் பழைய பலம் வரவில்லை. பெரிய சட்டியைத் தூக்க முடியாது என்றானபின் அவர் ஊருக்குப் போவதென்று முடிவு செய்தார். கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கல்லாவில் உட்கார் என்றுகூடச் சொன்னார். அவர் கேட்கவில்லை. "தெருவுல நடக்கப் பயமா இருக்குங்க," என்றாராம்.

வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனேன். யாரும் கூப்பிட்டு நான் போகவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து முகம் சுளித்தாலும் ஒதுங்கி இடம் விட்டார். ஊருக்குப் போகிறவர் இடது கையால் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்து, என்னிடம் நீட்டினார்.

"எம்பொண்ணு. பதிவைக் கேட்டுச்சு. ஆனா ஒரு தடவை நீங்களே சொல்லுங்க."

ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று எந்த வேதாகமக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "உங்க அப்பா ஒரு பிள்ளையைக் காப்பாத்தினாரும்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றேன்.

"எங்கப்பாகிட்ட கேட்டீங்களா, எழுதுறதுக்கு முன்னாடி?"

"கேக்கலம்மா."

"ஏன் கேக்கல?"

"பயந்துட்டேன். கேக்காம எழுதிட்டேன்."

"சரி, அப்பாகிட்ட குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். அவர் சிரித்துப் பேசிவிட்டு வைத்தார். மகளிடம் பேசும்போது மட்டும் அவர் முகம் பழைய கடை முகமாக மாறியது. மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேங்க," என்றார். எங்கள் மொழியில் போகிறவர் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் வரப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இப்போது மறுபடியும் மேடையில் நிற்கிறேன். கூட்டம் குறைவு. நாட்டு நடப்பைப் பற்றி முன்பு உரக்கப் பேசுவேன். இப்போது, எனக்கு நேரில் தெரியாததைச் சொல்லும்போது, தெரியாது என்று சேர்த்தே சொல்கிறேன். அதனால் பிரசங்கத்தில் முன்னைப் போல வேகம் இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். மனைவி ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுத் திரும்பவும் பெர்த்துக்குப் போய்விட்டாள். மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும்.

திங்கட்கிழமைகளில் ராமநாதபுரத்துக்கு ஃபோன் செய்கிறேன். சில நாள் எடுப்பார். மழை பெய்ததா, காது எப்படி இருக்கிறது என்று இரண்டு நிமிடம் பேசுவோம். பல நாள் எடுப்பதில்லை. எடுக்காத நாளில் நான் இன்னொரு தடவை அழைப்பதில்லை.