சித்தி எழுதிக்கொடுத்த ‘பர்ஸ்ட் ஓப்பன்’ வாக்கியங்கள்

ஆங்கிலத்தில் ‘பர்ஸ்ட் ஓப்பன்’ (burst open) என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் சித்தி. சும்மா திறப்பதற்கு அதைச் சொல்லக் கூடாது. உள்ளே அழுத்தம் தாங்காமலோ, யாராவது முட்டித் தள்ளியோ பட்டென்று திறந்துகொண்டால்தான் சொல்ல வேண்டும் என்பாள். டப்பாவை மெல்லத் திறந்தால் வெறும் ‘ஓப்பன்’தான். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அப்புச்சியோ, அதாவது அம்மாவின் அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை அனுப்பினால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் சித்தி உடுமலை வீட்டிலேயே உட்கார்ந்து, லீவுக்கு வந்த எனக்கு நோட்டில் வாக்கியங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள். காபியோடு எழுந்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்புச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியின் இங்கிலீஷையும் காட்டிவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார். ஆறாவது படித்த நான், எப்போது கூப்பிடுவார்கள் என்றுதான் காத்திருந்தேன்.

நோட்டை எடுத்துவந்து படித்தேன். “அதுக்கு அர்த்தஞ் சொல்லு கண்ணு” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. விடுவேனா? ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பருத்திக்காய் பட்டென்று வெடித்துத் திறந்தது. துணியைத் திணித்துத் திணித்ததில் சூட்கேஸ் பட்டென்று திறந்துகொண்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். பூட்டியிருந்த கதவு பட்டென்று திறந்தது. அவள் சரவணம்பட்டி பஸ் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஆளில்லை.

அந்த அம்மா இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று அப்புச்சி குழைந்தார்.

“புள்ளைக்கு மனசில்லாம நாங்க கை நனைக்கறது நல்லாருக்காதுங்க. வாரமுங்க” என்று அவர் எழுந்துவிட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். அடிகூட வலிக்கவில்லை, சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் அழுதேன். அழுதுகொண்டே உள்ளே போய், “தெரியாமச் செஞ்சுபோட்டேன் சித்தி” என்றேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த லட்டு ஒன்றை வாயில் திணித்தாள்.

“இன்னும் ரெண்டு வாக்கியம் இருந்துச்சே அம்மணி, அதை ஏன் படிக்காம உட்டுபோட்டே?”

பாடத்தைப் பாதியில் விட்டதற்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, வாயில் லட்டோடு அங்கேயே நின்று, அந்த இரண்டையும் தேம்பித் தேம்பிப் படித்துக் காட்டினேன்.