லைட்டை மட்டும் அணையுங்கள்

பிரதமர் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கு தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடைகளைத் திறப்பார்களா, இன்னும் நீட்டிப்பார்களா என்று தெரிந்துகொள்ள என் கணவர் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, அகல் விளக்கோ மெழுகுவத்தியோ செல்போன் டார்ச்சோ ஏந்தி வாசலிலும் பால்கனியிலும் நிற்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். இந்தக் கொடிய நோய்க்கு முன்னால் யாரும் தனியாக இல்லை என்று அந்த வெளிச்சம் காட்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

"அம்புட்டுத்தானா? வெளக்குத்தான, ஏத்திருவோம்" என்றார் என் கணவர்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் மின்சாரத் துறையில் உதவிப் பொறியாளர். சமயநல்லூரைத் தாண்டி ஒரு துணைமின் நிலையத்தில் வேலை. ஊரே ஒரே நொடியில் விளக்கை அணைத்தால் மின்சாரத்தின் தேவை சட்டென்று சரியும், வோல்டேஜ் எகிறும். திரும்ப எல்லோரும் ஒரே நொடியில் போட்டால் அதற்கு நேர்மாறாக நடக்கும். நிரம்பி வழிகிற பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்தனை பேரும் குதித்துவிட்டு, அடுத்த நிமிடம் ஓடிவந்து மறுபடி ஏறுவது மாதிரி. ஓட்டுநர் பாடு என்ன ஆகும்?

அன்று மதியமே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் லீவு கிடையாது. பொதுமக்களுக்கும் அறிவிப்பு போனது: லைட்டை மட்டும் அணையுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் ஓடட்டும். மெயின் ஸ்விட்சை இறக்காதீர்கள். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் என் போன் ஓயவில்லை. சித்தப்பா கூப்பிட்டு ஃபிரிட்ஜ் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா என்றார். கல்லூரித் தோழி, தன் வீட்டு டிவியைக் கழற்றி ஜமுக்காளத்தில் சுற்றி வைத்துவிட்டதாகச் சொன்னாள். கொட்டாம்பட்டியில் இருக்கிற அத்தைக்குக் கிணற்று மோட்டார் கவலை.

"ஏத்தா, மோட்டார நிப்பாட்டணுமா? கடலைக்குத் தண்ணி பாயுதுத்தா."

"பாயட்டும் அத்தை. லைட்ட மட்டும் அணைச்சாப் போதும்."

"மோட்டார் ரூம்ல ஒரு பல்பு எரியுதே?"

"அத வேணா அணைச்சுக்கங்க."

"இருட்டுல பாம்பு கெடந்தா?"

பல்பு எரியட்டும், ஒன்றும் குடி முழுகாது என்றேன். "அப்பறம் பிரதமரு சொன்னது?" என்று அத்தை விடாமல் கேட்டார்.

இவர்களையெல்லாம் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதவர் எங்கள் குடியிருப்பிலேயே இருந்தார்.

நாங்கள் இருப்பது மதுரையில் நான்கு மாடி அடுக்ககம். அதன் சங்கச் செயலாளர் பணி ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதையே படை நடத்துவது போல நடத்துகிறவர். அதற்கு முன்பு பிரதமர் கைதட்டச் சொன்னபோது, வீட்டுக்குள் இருந்தபடி தட்டவேண்டிய தட்டை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் கீழே இறக்கி, கட்டடத்தைச் சுற்றி ஊர்வலமே நடத்திவிட்டார். தள்ளி நிற்கவேண்டிய நோய்க்காலத்தில், மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் தோளோடு தோள் உரசி நன்றி சொன்னோம். ஆனாலும் எதிர் அடுக்ககத்துக்காரர்கள் சங்கும் உறுமியும் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுடைய வீடியோதான் பகுதி வாட்ஸப் குழுவில் சுற்றியது. அந்தத் தோல்வி அவருக்குள் கனன்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை படிக்கட்டில் என்னை மறித்தார்.

"ஏம்மா, ஒவ்வொரு வீடா அணைச்சா முன்னபின்ன ஆகும். ஒருத்தர் மறந்துருவாரு. நான் கீழ மீட்டர் ரூம்ல மெயின எறக்கிர்றேன். டப்புனு மொத்தக் கட்டடமும் இருட்டாயிரும். வீடியோல அப்படி இருக்கும்!"

"ஐயா, மெயின எறக்கக் கூடாது. கவர்மெண்டே சொல்லிருக்கு."

"அது ஊருக்குச் சொன்னது. நம்ம ஒரு கட்டடந்தான?"

"எல்லாக் கட்டடத்துலயும் ஒரு ஆள் இதயே சொல்லுவாரு. அதுவுமில்லாம கீழ் வீட்டு அண்ணனுக்கு மிஷின் ஓடுதுல்ல."

கீழ் வீட்டு அண்ணன் சௌராஷ்டிரக்காரர். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போய், கொரோனா வருவதற்கு வெகு முன்பிருந்தே மூக்கில் குழாயோடு இருக்கிறார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுவதற்குக் கரண்டு வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி அந்த மாதம்தான் செத்திருந்தது. பேட்டரிக் கடைகள் எல்லாம் ஊரடங்கில் பூட்டிக் கிடந்தன. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தார்கள். அக்கா, அதாவது அவர் மனைவி, ஊரடங்கு தொடங்கிய அன்றே என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்கக் கூடாதே என்று நினைவு வந்து பின்வாங்கி, "கரண்டு போகாதுல்லம்மா?" என்று கேட்டிருந்தார். போகாது அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

செயலாளர் யோசித்தார். "ஆமால்ல, மிஷின் இருக்குல்ல" என்றார். நான் நிம்மதியாக மேலே ஏறிவிட்டேன். ஆனால் மெயினை இறக்கமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டூட்டிக்குப் போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. வண்டியை ஓரம் கட்டிக் கணவருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, ஒம்போது மணிக்கு மீட்டர் ரூம் வாசல்ல நில்லுங்க. யாரு வந்தாலும் மெயினத் தொட விடாதீங்க."

"சரி."

"சரின்னா நிப்பீங்களா?"

"நிக்கிறேன்ப்பா. எங்க போகப்போறேன்?"

என் கணவர் நல்லவர். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லும் அளவுக்கு நல்லவர். அதுதான் என் பயம்.

துணைமின் நிலையத்தில் நாங்கள் நான்கைந்து பேர் முகக்கவசத்தோடு மீட்டர்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூத்த ஆப்பரேட்டர் ஒருவர், "எம்புட்டோ புயலப் பாத்தாச்சு மேடம். நேரம் குறிச்சிட்டு வர்ற புயல இப்பத்தான் பாக்குறேன்" என்றார். ஒன்பது அடிப்பதற்குள்ளேயே லோடு, அதாவது ஊரின் மின் தேவை, இறங்கத் தொடங்கியது. ஆர்வக்கோளாறுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அன்று அது எங்களுக்கு உதவியது. சட்டென்று விழாமல் படிப்படியாக இறங்கியது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது.

ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் வீடுகள் வரிசையாக இருண்டு, ஒவ்வொரு வாசலிலும் சின்னச் சின்னச் சுடர்கள். வயலுக்கு நடுவே ஒற்றை வீட்டில் கூட ஒன்று தெரிந்தது. அழகாக இருந்தது. மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று எரிச்சலும் வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. கீழ் வீட்டு அக்கா.

"ஏம்மா, கரண்டு போயிருச்சும்மா! போகாதுன்னு சொன்னியேம்மா!"

பின்னால் மிஷின் கீ கீ என்று கத்துவது கேட்டது. எங்கள் மீட்டர்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாநிலம் முழுவதும் கரண்டு இருந்தது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் இல்லை.

"சிலிண்டரத் தெறந்தீங்களா அக்கா?"

"சாவி சுத்த மாட்டேங்குதும்மா. இருட்டுல ஒண்ணும் தெரியல. இவரு வேற என்னையத் திட்டுறாரு" என்றவர், அவர் பக்கம் திரும்பித் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ கத்தினார். திட்டுகிற அளவுக்கு அண்ணனுக்கு மூச்சு இருக்கிறது என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆறுதல்.

"அக்கா, கரண்டு போகல. மெயின எறக்கிட்டாங்க. போன்ல டார்ச்சப் போட்டுட்டு வெளிய வாங்க. மாடிப்படிக்குக் கீழ ரூம். அங்க எங்க வீட்டுக்காரர் நிப்பாரு."

அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. "இங்க யாரும் இல்லியேம்மா!"

என் கணவரைப் பற்றி அந்த நிமிடத்தில் நான் நினைத்ததை இங்கே எழுத முடியாது.

"பரவால்லக்கா. பெரிய பெட்டி ஒண்ணு இருக்கா? பக்கவாட்டுல கைப்பிடி கீழ தொங்குதா?"

"இருக்கு. தொட்டா அடிக்காதுல்ல?"

"அடிக்காது. கைப்பிடிய மட்டும் பிடிங்க. ஒரே தள்ளா மேல தள்ளுங்க."

அக்கா ஏதோ சாமி பேரைச் சொன்னார். டமார் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து போனில் வந்த சத்தத்தை என்னால் மறக்கவே முடியாது. நான்கு மாடியிலும் ஒரே நேரத்தில் டிவிகள் அலறின. யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. மெயினைச் செயலாளரே இறக்கிவிடுவார் என்று நம்பி, ஒருவர்கூட வீட்டு விளக்கை அணைக்கவில்லை. எல்லா ஸ்விட்சும் போட்டபடியே கிடந்திருக்கின்றன. ஊரே இருளில் அகல் ஏந்தி நிற்கும்போது, எங்கள் அடுக்ககம் மட்டும் மொட்டைமாடி சீரியல் பல்பு வரை ஜெகஜோதியாக எரிந்தது. எதிர்க் கட்டடத்திலிருந்து ஊளையிட்டார்கள். யாரோ வெடி வேறு போட்டார்கள்.

அக்கா எதையும் பார்க்க நிற்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, "மிஷின் ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஆப்பரேட்டர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். விளக்குகள் திரும்ப எரிய ஆரம்பித்து லோடு ஏறுகிற நேரம், உட்கார்ந்தபடியேதான் அதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க போனீங்க?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். செயலாளர் வந்து, ஒங்க போன்லதான் படம் தெளிவா விழும், எதிர் ரோட்ல நின்னு வீடியோ எடுங்கன்னாரு. மெயினத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

இரண்டு சரிகளுக்கு நடுவில் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்திருக்கிறார். இதில் இன்னொரு கூத்து. எடுத்த உடனே பகுதிக் குழுவில் போட்டுவிடுங்கள் என்று செயலாளர் சொன்னாராம். என் கணவர் அதற்கும் சரி என்று சொல்லி, கட்டடம் இருண்டதிலிருந்து பளீரென்று எரிந்தது வரை முழுவதையும் போட்டுவிட்டார். காலையில் எங்கள் அடுக்ககத்தைத் தேசத்துரோகி என்று திட்டாத ஆளில்லை.

செயலாளர் படியேறி வந்தார். வருத்தம் சொல்ல வருகிறார் என்று ஒரு கணம் நம்பினேன்.

"ஏம்மா, அங்கருந்து நீதான கரண்டப் போட்டுவிட்ட?"

அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே ஒரு கட்டடத்துக்கு மட்டும் கரண்டு போட என்னால் முடியாது என்றேன். கைப்பிடியை ஏற்றியது யார், எதற்காக என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது உண்மை.

"ஒம்போது நிமிசந்தானம்மா. சிலிண்டர் இருக்கும்னு நெனச்சேன்."

"அத அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"ஊரே ஒத்துமையா நிக்கிற நேரத்துல..."

"ஐயா, ஒத்துமையில அவரு சேத்தி இல்லியா?"

அவர் படியிறங்கிப் போனார். கீழ் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டவில்லை.

நான் போனேன். உள்ளே போகாமல் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"நேத்து வாசல்ல எரிஞ்ச வெளிச்சத்த நீ பாக்காமப் போயிட்டியேம்மா. நம்ம வீட்ல கல்யாணம் போல இருந்துச்சு" என்றார். அவர் அதோடு விட்டுவிட்டார். அக்கா விடவில்லை. சிலிண்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படித் திறப்பதென்று இப்போதே காட்டு என்றார். கம்பிக்கு வெளியே நின்று சைகையாலும் வாயாலும் சொல்லிக்கொடுத்தேன். நாலைந்து தடவை அவரே திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் என்னைப் போகவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மீட்டர் ரூம் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கண்டவர்களும் மெயினைத் தொடுவதைத் தடுக்கச் சங்கம் எடுத்த நடவடிக்கையாம். சாவி செயலாளரிடம். தலையிலடித்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போய், தீப்பிடித்தால் ஓடிவந்து மெயினை இறக்க வேண்டிய அறையைப் பூட்டி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று குரல் உயர்த்திப் பேசினேன். பக்கத்து வீடுகள் எட்டிப் பார்த்தன. அவர் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்: பூட்டு இருக்கும், ஆனால் இன்னொரு சாவி கீழ் வீட்டு அக்காவிடம் இருக்கும்.

கடைகள் திறந்த முதல் நாளே அவர்களுக்குப் பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தது என் கணவர்தான். நான் சொல்லாமலே போனார். திரும்பி வந்து, "ஆட்டோக்காரர் இன்னும் ரெண்டு பேர ஏத்திக்கவான்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கோபம் முழுவதும் போகவில்லை. அக்கா ஒவ்வொரு சங்கக் கூட்டத்துக்கும் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வருகிறார். செயலாளர் அவரைப் பார்த்தாலே பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்.