துரையின் கையெழுத்துக்குக் கீழே

ஊற்றுத் தோட்டத்தைப் பார்த்த அந்தக் காலத்து ஆட்கள் யாராவது பேச்செடுத்தால், "அடடா, என்ன அழகு, என்ன சுத்தம்!" என்பார்கள். அழகு சரி, அது மண்ணும் தண்ணீரும் செய்தது. சுத்தம் என் அம்மா செய்தது. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

ஆவடிக்கு ராணுவம் வந்து நிலங்களை வளைப்பதற்குச் சில வருடங்கள் முந்திய கதை இது. ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே ஒரு தோப்பில் இயற்கையான ஊற்று இருந்தது. மெட்ராஸ் வியாபாரி ஒருவர் தோப்பை வாங்கி, ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி, பூச்செடி வைத்து, சிமெண்டு பெஞ்சு போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட்டார். 'ஞாயிறுதோறும் பத்து மணி முதல் ஆறு மணி வரை. யாவரும் வரலாம்' என்று வாசலில் பலகை. மெட்ராஸிலிருந்து ரயிலேறி ஆவடியில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

அம்மாவும் எங்கள் தெருவின் இன்னும் மூன்று பெண்களும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நடந்துபோய் அந்தத் தோட்டத்தைப் பெருக்குவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியும் எங்கள் தெரு மட்டும் ஊருக்கு வெளியிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்ததும் பெருக்கி முடித்து, பத்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். வருகிறவர்கள் கண்ணில் துடைப்பம் படக்கூடாது என்பது வேலை வாங்குகிற மேஸ்திரியின் சட்டம். பதினோரு வருடம் அங்கே வேலை செய்த அம்மா, அந்தத் தோட்டத்தில் ஒரு விருந்தாளியைக்கூடப் பார்த்ததில்லை.

ஊற்றின் கரையில் ஒரு தூணில் பித்தளைச் செம்பு ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் அதில் மொண்டு அண்ணாந்து குடிப்பார்கள். அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது அம்மாவின் வேலை. ஆனால் அதில் மொண்டு ஒரு வாய் குடிக்க அவளுக்கு அனுமதியில்லை. தாகம் எடுத்தால் வேலிக்கு வெளியே போய், மாடு குடிக்கிற வாய்க்காலில் குடிக்க வேண்டும். தேய்க்கிற கைக்குத் தீட்டு இல்லையாம், குடிக்கிற வாய்க்குத்தான் தீட்டாம். இந்தக் கணக்கைப் போட்டவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ, நான் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் இல்லை.

நான் அப்போது பூந்தமல்லியில் ஒரு மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு வாத்தியாரம்மா. சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவேன். ஒரு சனிக்கிழமை சோறு தின்றுகொண்டே, அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் சும்மா கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும்? குட்ச்சவங்களக் கேளு" என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் தட்டைத் தள்ளிவைத்தேன். நாளைக்கு நாம் இருவரும் போகிறோம், பலகையில் யாவரும் என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். வேலை போய்விடும் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். வேதக்கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையையே கட்டிக்கொண்டு வரலாமா என்றுதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் போய்ப் பெருக்கினாள். வந்து குளித்து, என்னோடு கோயிலுக்கு வந்தாள். மதியம் என் குடையை அவள் பிடித்துக்கொள்ள, இருவரும் தோட்டத்து வாசலில் போய் நின்றோம். காவல்காரர் எழுந்து வந்தார்.

"இன்னா யக்கா, எதுனா மறந்து வுட்டுட்டுப் பூட்டியா?"

"ஒன்னியும் வுடல. தோட்டம் பாக்க வந்துகீறேன்" என்றாள் அம்மா.

அவருக்குச் சிரிப்பதா தடுப்பதா என்று தெரியவில்லை. தெரிவதற்குள் நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

உள்ளே நல்ல கூட்டம். பத்தடி நடப்பதற்குள் அம்மா குனிந்து ஒரு பாதாம் இலையைப் பொறுக்கினாள். அடுத்த பத்தடியில் இன்னொன்று. கை தன் பாட்டுக்குப் போகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இலைகளைப் பிடுங்கிக் கீழே போட்டேன். அவள் முகம் சுருங்கியது. நாளைக்கு அதை யார் எடுப்பது என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் நான் போட்டது போட்டதுதான்.

ஊற்றுக்கண் அருகே போனோம். இடுப்பளவு ஆழத்தில் வெள்ளை மணல், உலை கொதிப்பது போலக் குமுறிக்கொண்டிருந்தது. அம்மா குடையை என்னிடம் கொடுத்தாள். செம்பை எடுத்தாள். மொண்டாள். குடித்தாள். இரண்டாவது தடவையும் மொண்டு குடித்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

அப்போதுதான் மேஸ்திரி பார்த்துவிட்டார். விறுவிறுவென்று வந்தவர், பக்கத்தில் வந்ததும் தேள் கொட்டின திருடன் மாதிரி நின்றார். சுற்றிலும் மெட்ராஸ் குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. சத்தம் போட்டால், இந்தச் செம்பில் யார் மொண்டு குடித்தது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடமாட்டார்கள், பழி மேஸ்திரி தலையில் விழும். பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதையாக வெளியே போ என்று அடிக்குரலில் சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது, மறைப்பானேன். முதல் நாள் வீரம் பேசியவள் நான்தான், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தவளும் நான்தான். அவள் கையை உதறிக்கொண்டு, இன்னும் மண்டபம் பார்க்கவில்லை என்று நடந்துவிட்டாள்.

மண்டபத்தில் ஒரு மேசை, மைக்கூடு, பேனா, ஒரு தடிமனான புத்தகம். வந்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு. அம்மா தினமும் மேசையைத் துடைப்பாள், புத்தகத்தைத் திறந்ததில்லை. அதில் என்னதான் இருக்கிறது, படி என்றாள். படித்தேன். ரம்மியமான இடம். மிகச் சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமான தோட்டத்தை நான் கண்டதில்லை. சுத்தமாக வைத்திருக்கும் முதலாளிக்கு நன்றி. பக்கத்துக்குப் பக்கம் சுத்தம்.

"யாரு சுத்தம் பண்ணாங்கன்னு ஒர்த்தர் கூடவா எழுதல?"

இல்லை என்றேன். இன்னும் புரட்டு என்றாள்.

ஒரு பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார துரை நாலே வரி இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பக்கம் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. துரையின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுத யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மரியாதை என்று நினைத்து எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்கள். பெரிய பெரிய வக்கீல்கள்கூட.

அம்மா அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள். "இங்க எடம் சும்மாதான கீது. எழுது."

அவள் சொன்னதை எழுதினேன். பயம் எப்போது போனது என்று நினைவில்லை, எழுத்து முத்து முத்தாக விழுந்தது. இந்தத் தோட்டத்தைப் பதினோரு வருஷமாகப் பெருக்குவது நான், தண்ணீர் நன்றாக இருக்கிறது, இன்றைக்குத்தான் குடித்தேன். இவ்வளவுதான். பிறகு பேனா முனையால் இடது கட்டைவிரலில் மை தடவச் சொல்லி, துரையின் கையெழுத்துக்கு நேர் கீழே அழுத்தி வைத்தாள்.

மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். கை தானாகப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தது, கிழிக்க. பிடித்தபடியே நின்றுவிட்டது. கிழித்தால் துரையும் சேர்ந்து போவார். முதலாளி வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பெருமையாகத் திறந்து காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மேஸ்திரி புத்தகத்தை மூடினார். ஒரு புத்தகம் மூடப்படுவதை வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். இனி என் வாத்தியார் சம்பளத்தில்தான் வீட்டில் நான்கு வயிறு நிரம்ப வேண்டும். தெருவில் சிலர், படித்த பெண் அம்மாவின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. நடவுக்கும் களைக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அம்மா போனாள், முழங்கால் வலி அந்த வருடம்தான் ஆரம்பித்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு வீரக்கதை மட்டும் சொன்னால் நானும் அந்தப் புத்தகத்தில் சுத்தம் என்று மட்டும் எழுதியவர்களில் ஒருத்திதான்.

வேலை இல்லை என்று சொன்னவரிடம் அம்மா என்ன பதில் சொன்னாள் என்று, கூடப் போன பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சரி. அப்ப ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றாளாம்.

வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வெள்ளைப் புடவை, அதே குடை. காவல்காரர் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார். அம்மாவின் இடத்துக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை. பாதை நெடுகப் பாதாம் இலை. அம்மா ஒன்றைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. மிதித்துக்கொண்டே நடந்தாள்.

ஊற்றருகே மேஸ்திரி நின்றிருந்தார். வரிசையில் வழக்கம்போல மெட்ராஸ்காரர்கள். எங்கள் முறை வந்தது. அம்மா செம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு வாரமாகப் புளி படாமல் மங்கி, விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. துடைக்க அவள் கை முந்தானைக்குப் போகுமோ என்று நான் பார்த்தேன். போகவில்லை. அப்படியே மொண்டு, நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"செம்பு அழுக்கா கீது மேஸ்திரி. யாரையாச்சும் வுட்டுத் தேய்க்கச் சொல்லுங்க."